ஓநாய் மனிதன் எதற்காக ஃபிராங்கன்ஸ்டைனைத் தேடிப் போனான்? – யுனிவர்சலின் மான்ஸ்டர் பிரபஞ்சம் குறித்து

முழுநிலவு:

நண்பர்களுக்கு வணக்கம். 2017 மே 22 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம், தன் பழைய மான்ஸ்டர் படங்களை மறுஆக்கம் செய்து ஒரே கதையுலகில் இணைக்கும் திட்டத்துக்கு 'டார்க் யுனிவர்ஸ்' என்ற பெயரை அறிவித்தது. அதற்கென ஒரு சின்னமும், டேனி எல்ஃப்மன் அமைத்த முகப்பு இசையும், டாம் குரூஸ், ரஸ்ஸல் குரோ, ஜானி டெப், ஹாவியேர் பார்டெம், சோஃபியா பூத்தெல்லா ஆகிய ஐவரும் ஒன்றாக நிற்கும் ஒரு புகைப்படமும் வெளியாயின. அடுத்த மாதம் 9ஆம் தேதி 'தி மம்மி' திரைக்கு வந்தது. அக்டோபரில் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' மறுஆக்கத்தின் வேலைகள் நிறுத்தப்பட்டன. நவம்பரில் இத்திட்டத்தை வழிநடத்திய அலெக்ஸ் குர்ட்ஸ்மனும் கிறிஸ் மார்கனும் விலகிவிட்டார்கள். ஆறு மாதங்களுக்குள் எல்லாம் முடிந்துபோனது.

அவசரப்பட்டார்கள், ஒரு படத்தை ஒழுங்காக எடுத்து முடிக்கும் முன்பே பத்துப் படங்களைப் பற்றிப் பேசினார்கள் என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொறுமையாகச் செய்திருந்தாலும் அந்த வழியில் இது அமைந்திருக்காது என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்த மான்ஸ்டர்கள் முதன்முதலில் ஒரே படத்தில் சந்தித்தது 1943இல், 'ஃபிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் த வுல்ஃப் மேன்' படத்தில். தலைப்பைப் பார்த்தால் குத்துச்சண்டை அறிவிப்புப் போலத்தான் இருக்கும். கதையோ வேறு. 1941இல் வந்த 'த வுல்ஃப் மேன்' என்ற முதல் படத்தின் முடிவில், ஓநாய் மனிதனான லாரி டால்பட்டைப் பெற்ற தகப்பனே, அவன் மகன் என்று தெரியாமல், வெள்ளிப் பிடியுள்ள கைத்தடியால் அடித்துக் கொன்றுவிடுகிறார். இரண்டாவது படத்தில் கல்லறைத் திருடர்கள் பௌர்ணமி இரவில் அவனுடைய பெட்டியைத் திறக்க, அவன் மீண்டும் எழுகிறான். எழுந்தவனுக்கு ஒரே ஒரு விருப்பம்தான் இருக்கிறது. இனி எழாத வகையில் சாக வேண்டும். உயிருக்கும் சாவுக்கும் உரிய இரகசியத்தை அறிந்தவர் டாக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்று கேள்விப்பட்டு, அவருடைய குறிப்பேட்டைத் தேடி அந்த ஊருக்குப் போகிறான். மருத்துவர் இறந்துவிட்டார். இடிந்த கோட்டையின் அடியில், பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கும் அவருடைய படைப்புதான் இவனுக்குக் கிடைக்கிறது.

இரண்டு படங்களின் கதைமாந்தர்களைச் சேர்த்துவைக்க இதைவிட நேர்மையான காரணம் ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை. ஒருவனுடைய வேதனை அவனை இன்னொருவனின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. 2017இல் அந்த இடத்தில் என்ன இருந்தது? இலண்டனில் புரோடிஜியம் என்ற ஓர் இரகசிய அமைப்பு. அதன் தலைவர் டாக்டர் ஜெகில் உலகின் தீய சக்திகளைத் தேடிப் பிடித்து ஆராய்கிறார். மான்ஸ்டர்கள் தாமாக யாரையும் தேடிப் போக வேண்டிய தேவையே அங்கே இல்லை. அவர்கள் சேகரிக்கப்படுகிறார்கள். தனிமைதான் இந்தப் பாத்திரங்களின் உயிர் என்று நான் கருதுகிறேன். அந்தத் தனிமையை ஓர் அலுவலகம் தீர்த்துவைத்துவிட்டால், அதன் பிறகு எதை வைத்துக் கதை சொல்வது?

கணக்குப்பிள்ளை:

முழுநிலவு அவர்களே, உங்கள் வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் 1943இல் அந்தப் படம் ஏன் எடுக்கப்பட்டது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் அதை ஏற்க முடியும். யுனிவர்சலைத் தொடங்கிய கார்ல் லெம்லியின் குடும்பம் 1936இலேயே நிறுவனத்தை இழந்துவிட்டது. 1938இல் பழைய 'டிராகுலா'வையும் 'ஃபிராங்கன்ஸ்டைன்'னையும் ஒரே சீட்டில் இரண்டு படங்களாக மறுவெளியீடு செய்தபோது கூட்டம் அலைமோதியது. அந்த வசூலைப் பார்த்துத்தான் 1939இல் 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' வந்தது. இவ்வகைப் படங்களுக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஒன்றை இரண்டாக்கினார்கள். 1944இல் 'ஹவுஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் டிராகுலாவையும் சேர்த்தார்கள். ஒப்பந்த நடிகர்கள், நிலையான அரங்குகள், சம்பளத்தில் இருந்த ஒப்பனைக் கலைஞர் எல்லாம் கையில் இருந்ததால் செலவும் அடக்கமாகவே இருந்தது. வேதனை கதைக்குள் இருந்தது உண்மைதான். கதைக்கு வெளியே இருந்தது டிக்கெட் வசூல்.

2017இன் கணக்கையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த 'மம்மி' உலகம் முழுவதும் ஏறக்குறைய 41 கோடி டாலர் வசூலித்தது. 1999இல் பிரெண்டன் ஃபிரேசர் நடித்த 'மம்மி'யும் கிட்டத்தட்ட அதே தொகையைத்தான் வசூலித்தது. அன்று அது பெரிய வெற்றி, இன்று அதே எண் தோல்வி. நடுவில் 18 ஆண்டுகளில் பணத்தின் மதிப்புக் குறைந்தது ஒரு காரணம். படத்தின் செலவு பெருமளவு கூடியது மற்றொரு காரணம். அமெரிக்காவில் மட்டும் 8 கோடி டாலர்தான் வந்தது என்பதும் நிறுவனத்துக்குப் பெரிய அடி. பத்துப் படங்களுக்கான நம்பிக்கையை ஒற்றைப் படத்தின் முதுகில் ஏற்றாமல் விட்டிருந்தால், இதே வசூலோடு அது சாதாரணமாகக் கடந்துபோயிருக்கும் என்பது என் எண்ணம்.

2020இல் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்துக்கு ஆன செலவு 70 லட்சம் டாலர். வசூலோ 14 கோடியைத் தாண்டியது. அதுவும் கொரோனாவால் திரையரங்குகள் மூடப்படுவதற்கு முன் கிடைத்த சில வாரங்களுக்குள். எனவே நோய் கதையில் இருந்ததைவிடச் செலவில் இருந்தது என்று நினைக்கிறேன்.

அரிதாரம்:

கணக்குப்பிள்ளை சார் சொல்வதை மறுக்க எனக்குக் கணக்குத் தெரியாது. நான் நாடக மேடைக்கு ஒப்பனை செய்கிறவள். அதனால் அந்த ஐவரின் புகைப்படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1931 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் அரக்கனாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறிதான் இருக்கும். போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் முடிவில்தான் வரும். முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆளை அப்புறம் தெரிந்துகொள்ளலாம் என்பது அன்றைய துணிவு. அந்த முகத்தை ஆக்க ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ததாகப் படித்திருக்கிறேன். தலை ஏன் தட்டையாக இருக்கிறது என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. மூளையைப் பொருத்த மண்டையைத் திறக்கும் மருத்துவன் பானையின் மூடியைப் போல மேற்பகுதியை நேராக வெட்டி எடுத்து மீண்டும் வைத்து மூடுவான் என்று அவர் எண்ணினார். அந்தப் பாத்திரத்தின் பிறப்பு முழுவதும் அதன் தலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வசனம்கூட வேண்டாம்.

2017 புகைப்படத்தில் ஐந்து நட்சத்திரங்கள் தங்கள் சொந்த முகங்களோடு நின்றார்கள். ஐவரும் ஒரே இடத்தில் கூடியே எடுக்கப்படாத, ஒட்டிச் சேர்த்த படம் அது என்பது அப்போதே செய்தியானது. ஒட்டியதைக்கூட நான் குறையாகச் சொல்லமாட்டேன். கார்லாஃப் ஏற்ற வேடத்துக்குப் பார்டெமை அறிவித்தார்களே, அந்த முகம் எப்படி இருக்கும் என்று ஒரு கோடாவது வரைந்து காட்டினார்களா? மான்ஸ்டரே இல்லாத ஒரு மான்ஸ்டர் அறிவிப்பு அது. நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் சம்பளம் அவர் முகத்துக்குத்தான். அதை ஐந்து அடுக்கு ஒப்பனைக்குள் மறைக்க எந்தத் தயாரிப்பாளரும் தயங்குவார். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். 2010 'வுல்ஃப்மேன்' படத்தில் ரிக் பேக்கரும் டேவ் எல்சியும் செய்த ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது. முகம் சரியாகவே இருந்தது. ஆனாலும் படம் நிற்கவில்லை. ஆகவே ஒப்பனை மட்டும் போதும் என்று நான் சொல்லவரவில்லை.

பின்வரிசை:

இரகசிய அமைப்புதான் குற்றவாளி என்றால் காட்ஸில்லா படங்களை என்ன சொல்வீர்கள் முழுநிலவு? அங்கேயும் மோனார்க் என்று ஓர் அமைப்பு முதல் படத்திலிருந்தே இருக்கிறது. 2014இல் தொடங்கி, 2017இல் இராட்சதக் குரங்கான காங், 2019இல் இன்னொன்று, 2021இல் இருவரும் மோதல், 2024இல் இருவரும் கூட்டு என்று அந்தப் பிரபஞ்சம் பத்தாண்டைத் தாண்டி நின்றுவிட்டது. அமைப்பு, விஞ்ஞானிகள், கோப்புகள், வரைபடங்கள் எல்லாம் அங்கே உண்டு. யாரும் குறை சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். திகில் படத்துக்குத் தேவை அறியாமை. ஓர் அறையின் மூலையில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரைதான் அச்சம் இருக்கும். 'தி இன்விசிபிள் மேன்' இயக்குநர் லீ வான்னெல் அந்த 2020 படத்தில் ஆளே இல்லாத நாற்காலியின் பக்கம் கேமராவைத் திருப்பி வெறுமனே நிறுத்திவைக்கிறார். எனக்கு அந்த வெற்று நாற்காலியே போதுமாக இருந்தது. பிரபஞ்சம் என்பது இதற்கு நேர்மாறானது. அங்கே எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டும், எல்லாவற்றுக்கும் விதி வேண்டும். டிராகுலாவும் மம்மியும் ஒரே உலகத்தில் வாழ்ந்தால், கிறித்தவச் சிலுவைக்கும் எகிப்தியக் கடவுளுக்கும் ஒரே நேரத்தில் ஆற்றல் இருக்கிறது என்றாகிறது. அதை யாராவது விளக்கியே ஆக வேண்டும். விளக்கத் தொடங்கிய கணத்தில் அச்சம் போய்விடும். தனித்தனிப் படங்களாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் வேண்டுகோள்.

முழுநிலவு:

பின்வரிசை அவர்களே, காட்ஸில்லாவை எடுத்துக்காட்டியதற்கு நன்றி. என் வாதத்தில் ஓட்டை இருந்தது அங்கேதான்.

காட்ஸில்லாவும் காங்கும் சந்தித்தால் மோதுவார்கள் என்பது அவற்றின் உடல் அளவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு காட்டில் இரண்டு சிங்கம் என்பதுபோல எல்லைதான் அங்கே கதை. 1962இலேயே ஜப்பானின் டோஹோ நிறுவனம் அவற்றை மோதவிட்டுக் காட்டிவிட்டது. மனிதர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்கள். அப்படிப் பார்ப்பவர்களுக்கு ஓர் அமைப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? லாரி டால்பட் அப்படிப்பட்டவன் அல்ல. மாதத்தில் பெரும்பாலான நாட்கள் அவன் மனிதன். குற்ற உணர்ச்சியோடு விழித்தெழுகிற மனிதன். அவனை ஆராய்ச்சிக்கூடத்தில் அடைத்து ஒரு மருத்துவர் விளக்கம் கொடுத்தால், நாம் அவனுக்குள்ளிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு மருத்துவரின் பக்கத்தில் போய் நின்றுகொள்வோம்.

இவர்களில் ஒருவர் இன்னொருவரைச் சந்திப்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1935 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. துரத்தப்படும் அரக்கன் காட்டில் வயலின் ஓசையைக் கேட்டு ஒரு குடிசைக்குள் நுழைகிறான். உள்ளே இருப்பவர் பார்வையற்ற துறவி. வந்தவனின் முகத்தை அவரால் பார்க்க முடியாது. ஆகவே பயப்படவில்லை. ரொட்டியும் மதுவும் தருகிறார், சொற்களைக் கற்றுத்தருகிறார், தனக்கு ஒரு துணை கிடைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி அழுகிறார். வழி தவறி வந்த இருவர் துப்பாக்கியோடு உள்ளே நுழையும்வரை அந்தக் குடிசையில் அரக்கன் என்று யாருமே இல்லை. இயக்குநர் ஜேம்ஸ் வேல் செய்தது இது. துறவி வேறு எந்தப் படத்திலிருந்தும் வந்தவர் அல்ல. ஆனால் எனக்கு உண்மையான முதல் 'சந்திப்பு' இதுதான்.

அந்தப் படத்தின் மறுஆக்கத்தை இயக்க இருந்தவர் பில் காண்டன். ஜேம்ஸ் வேலின் கடைசி நாட்களைப் பற்றி 1998இல் ஒரு படம் எடுத்து, அதன் திரைக்கதைக்கு ஆஸ்கர் பெற்றவர். இந்தத் திட்டம் முழுவதிலும் இந்த வேலைக்காகவே பிறந்தவர் போன்ற ஒருவர் இருந்தார் என்றால் அவர்தான். 2019 பிப்ரவரி 14 என்று நாளும் குறித்திருந்தார்கள். நின்றுபோனது அந்தப் படம் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

படச்சுருள்:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பின்வரிசை அவர்கள் பிரபஞ்சம் என்றாலே விதிகளும் விளக்கங்களும் வேண்டும் என்று சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் யுனிவர்சலின் பழைய படங்களில் விதியும் இல்லை, விளக்கமும் இல்லை.

மம்மி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1940இல் ஒரு படம். 1942இல் வந்த அடுத்த படத்தின் கதை அதற்கு 30 ஆண்டுகள் கழித்து நடக்கிறது. ஆனால் தெருவும் உடையும் 1942ஆகவே இருக்கின்றன. 1944இல் ஒன்றில் மம்மி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சதுப்பில் மூழ்குகிறது. அதே ஆண்டில் வந்த அடுத்த படத்தில் லூசியானா மாநிலத்தின் சதுப்பிலிருந்து எழுகிறது. நடுவில் உள்ள தொலைவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. 1945 'ஹவுஸ் ஆஃப் டிராகுலா'வில், முந்திய படத்தில் மாண்ட டிராகுலாவும் டால்பட்டும் எதுவும் நடக்காதது போல வந்து நிற்கிறார்கள். அன்றைய பார்வையாளர்கள் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நாட்டார் கதைகளில் ஒருவன் ஊருக்கு ஊர் வேறு விதமாகச் சாவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல.

தொடர்ச்சியைக் கவனமாகப் பேண முயன்ற ஒரே இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1942இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் வரிசைப் படத்தின் முடிவில் வஞ்சகன் ஈகோரின் மூளையை அரக்கனின் தலைக்குள் வைக்கிறார்கள். அரக்கன் ஈகோரின் குரலில் பேசுகிறான். பிறகு கண்பார்வையை இழக்கிறான். ஈகோராக நடித்தவர் பெலா லுகோசி. எனவே 1943 படத்தில் லுகோசியையே அரக்கனாக்கி, பேசும் குருடனாக எழுதினார் கர்ட் சியோட்மாக். படம் பிடித்தும் முடித்தார்கள். லுகோசியின் ஹங்கேரிய உச்சரிப்பில் அரக்கன் பேசியது சிரிப்பை வரவழைத்ததாகச் சியோட்மாக் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பேச்சு முழுவதையும் வெட்டினார்கள். பார்வையற்றவன் என்ற செய்தியும் அதோடு போய்விட்டது. மிஞ்சியது காரணம் சொல்லப்படாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தடவித் தடவி நடக்கும் ஓர் உருவம்.

இன்று உலகில் எந்தக் குழந்தையிடம் ஃபிராங்கன்ஸ்டைன் போல நடந்து காட்டு என்றாலும் அது கைகளை நீட்டித்தான் நடக்கும். அந்த நடைக்கான விளக்கம் வெட்டுமேசையிலேயே கிடந்துவிட்டது. நடை மட்டும் எண்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. எனவே பின்வரிசை அவர்களே, விளக்காமலும் ஒரு பிரபஞ்சம் நடத்தலாம். நடத்தியிருக்கிறார்கள்.

பின்வரிசை:

படச்சுருள் ஐயா, அந்த நடையின் காரணம் எனக்கு இன்றுதான் தெரிந்தது. பல ஆண்டுகளாக அது லுகோசியின் மிகை நடிப்பு என்றே எண்ணி அவரைக் குறைத்துப் பேசிவந்திருக்கிறேன். அந்தப் படத்தை இன்றிரவே மீண்டும் பார்க்கப் போகிறேன். விளக்கம் கட்டாயம் வேண்டும் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்றைய பார்வையாளர் அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பாரா என்ற ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது.

அரிதாரம்:

விட்டுக்கொடுப்பார் என்று நான் நம்புகிறேன், அவர் மனம் தொடப்பட்டால். 2017 'மம்மி'யிலேயே அதற்கு ஓர் இடம் இருந்தது. அதில் மம்மியாக வரும் அமானெட் அரியணைக்கு உரியவளாக வளர்க்கப்பட்ட இளவரசி. தந்தைக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்ததும் ஒரே நாளில் அவளுடைய உரிமை இல்லாமல் போகிறது. அந்த ஆத்திரத்தில்தான் அவள் தீய தெய்வத்தோடு உடன்படிக்கை செய்துகொள்கிறாள். கார்லாஃபின் 1932 மம்மி காதலுக்காக எழுந்தான் என்றால் இவள் பறிக்கப்பட்ட உரிமைக்காக எழுகிறாள். எனக்கு அது இன்னும் நெருக்கமாகப் பட்டது. பூத்தெல்லா நடனக் கலைஞர். உடல் முறிந்து நிமிரும் அந்த அசைவுகளைப் பார்த்தால் அது தெரியும்.

அப்படிப்பட்டவளைப் படத்தின் நடுவே சங்கிலியால் கட்டி, உடம்பில் பாதரசத்தை ஏற்றி நிறுத்திவைக்கிறார்கள். அதே இடத்தில் டாக்டர் ஜெகில் நாயகனுக்குத் தம் அமைப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறார். முழுநிலவு சொன்னது எனக்கு இப்போது முழுதாகப் புரிகிறது. படம் அவளுடையது. ஆனால் நாம் அவளைக் கட்டிவைத்தவர்களின் பக்கத்தில் நிற்க வைக்கப்படுகிறோம்.

கணக்குப்பிள்ளை:

அக்கா சொன்ன அந்த இடத்தை ஒப்புக்கொள்கிறேன். முந்திய பதிவில் செலவுதான் நோய் என்று எழுதினேன். அதற்கு எதிரான சான்றை நானே தருகிறேன். 2025 ஜனவரியில் அதே வான்னெல் இயக்கி வந்த 'வுல்ஃப் மேன்' படமும் அடக்கமான செலவில் எடுக்கப்பட்டதுதான். ஆனால் 2020 படத்தின் வெற்றியின் பக்கத்தில்கூட அது வரவில்லை. சிறிய செலவு தோல்வியைத் தாங்க உதவும். வெற்றியை வரவழைக்காது.

இன்னொரு கணக்கையும் நினைத்துப் பாருங்கள். இயக்குநர் கியர்மோ டெல் டோரோ, யுனிவர்சலின் பழைய 'கிரியேச்சர் ஃபிரம் த பிளாக் லகூன்' படத்தை அந்த நீர்வாழ் உயிரியின் பக்கமிருந்து, அதற்குக் காதல் கைகூடுவதாக எடுக்க விரும்பி யுனிவர்சலிடம் பேசியிருக்கிறார். அது நடக்கவில்லை. பிறகு அந்த ஆசையிலிருந்தே வேறொரு நிறுவனத்துக்காக 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' எடுத்தார். டார்க் யுனிவர்ஸ் கலைந்த அதே 2017இல்தான் அது வெளியானது. அடுத்த மார்ச்சில் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது.

நாட்கள் குறைவாகவே இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நாவல்கள் எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டன. 1931இல் வந்த 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆகிய இரண்டு படங்களும் 2027 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் காப்புரிமையை விட்டு வெளிவருகின்றன. 1957இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் ஃபிராங்கன்ஸ்டைன் கதையை எடுத்தபோது, பியர்ஸ் வடித்த முகத்தின் சாயல்கூடப் படக்கூடாது என்று அஞ்சி முற்றிலும் வேறு ஒப்பனையைத் தேட வேண்டியிருந்தது. அந்த வேலிதான் இப்போது தளர்கிறது. 'டார்க் யுனிவர்ஸ்' என்ற பெயரோ ஆர்லாண்டோவில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பகுதியாகத் திறக்கப்பட்டுவிட்டது. திறந்த நாள் 2025 மே 22. அறிவிப்பு வந்து சரியாக எட்டு ஆண்டுகள். திரையில் சேராதவர்கள் அங்கே ஒரே கிராமத்தில் சேர்ந்து வாழ்கிறார்கள்.

முழுநிலவு:

எல்லோருக்கும் நன்றி. வேலி தளரப் போகிறது என்பதால், யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒரு சந்திப்பை இங்கே எழுதி வைக்கிறேன். 1933 'இன்விசிபிள் மேன்' படத்தின் முடிவில், கண்ணுக்குத் தெரியாத மனிதனான கிரிஃபின் ஒரு வைக்கோல் கொட்டகையில் ஒளிந்திருக்கிறான். வெளியே பனி பெய்திருக்கிறது. அவன் ஓடும்போது பனியில் பதியும் காலடித் தடத்தைப் பார்த்துத்தான் சுடுகிறார்கள். அந்தக் குண்டு தவறியிருந்தால், அந்தத் தடங்கள் காட்டுக்குள் நீண்டிருந்தால், அவன் தட்டும் கதவு வயலின் வாசிக்கும் அந்தத் துறவியின் கதவாக இருக்கட்டும். யாராலும் பார்க்க முடியாத ஒருவன், யாரையும் பார்க்க முடியாத ஒருவரிடம் வருகிறான். உலகத்திலேயே அந்தக் குடிசையில் மட்டும்தான் அவன் சாதாரண விருந்தாளி.

அரிதாரம்:

மறைந்திருக்க வேண்டுமானால் அவன் உடம்பில் துணி இருக்கக் கூடாது. பனியில் வந்திருக்கிறான், நடுங்கிக்கொண்டிருப்பான். பெரியவர் அந்த நடுக்கத்தைக் குரலிலேயே அறிந்து ஒரு கம்பளியைக் கொண்டுவந்து நீட்டுவார். அதைப் போர்த்துக்கொண்டால் துரத்தி வருகிறவர்களுக்கு அவன் இருக்கும் இடம் தெரிந்துவிடும். போர்த்தாவிட்டால் விடிவதற்குள் குளிரே அவனைக் கொன்றுவிடும். அவன் வாங்கிப் போர்த்துக்கொள்வான் என்று நினைக்கிறேன். அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு கம்பளி மட்டும் உட்கார்ந்திருக்கும். பெரியவர் அதன் எதிரில் அமர்ந்து வாசிக்கத் தொடங்குவார்.